தூரத்தின் பாரம் யாருடையது?
ஸ்காட்லாந்தின் வடபகுதி மருத்துவப் பணி: ஒரு வரலாற்று நோக்கு

எரிகோ வழியில் காயமுற்றுக் கிடந்தவனுக்கு நல்ல சமாரியன் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டியதைக் குறித்து நாம் அடிக்கடி பிரசங்கிக்கிறோம். அவன் மறுநாள் சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்கொண்டு ஆகும் செலவுக்கும் பொறுப்பேற்றுச் சென்றதைச் சற்று விரைவாகவே கடந்துவிடுகிறோம். மருத்துவப் பணியின் வரலாற்றை எழுதுவோரும் இவ்வாறே செய்கின்றனர். மருத்துவமனைகளை நிறுவினோரின் தியாகம் விரிவாக எழுதப்படுகிறது. அவற்றின் நிர்வாகமும் நிதியும் அடிக்குறிப்பாக ஒதுங்கிவிடுகின்றன. நிறுவினவர் மறைந்த பின்னும் பணி நிலைப்பதற்கு இவ்விரண்டுமே காரணம். இதனை விளக்கும் ஒரு நிகழ்ச்சியை ஸ்காட்லாந்து நாட்டின் வடபகுதியிலிருந்து எடுத்துக்கொள்வோம்.

ஹைலண்ட்ஸ் எனப்படும் வடமேற்கு மலைநாடும் அதனை அடுத்த தீவுகளும் ஸ்காட்லாந்தின் பரப்பில் ஏறக்குறையப் பாதியாகும். இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வாழ்ந்தோர் சுமார் 3,00,000 பேர் மட்டுமே. மக்களில் பலர் சிறு நிலத்தைக் குத்தகைக்கு உழுது, ஆடு மாடு வளர்த்து, கடலில் மீன் பிடித்துப் பிழைத்த குடியானவர்கள். உண்ண உணவு ஓரளவு கிடைத்தாலும் கையில் ரொக்கம் புழங்கவில்லை. மருத்துவர் ஒருவர் குதிரையிலோ படகிலோ பல மைல் கடந்து வரவேண்டியிருந்தது. அவருடைய கட்டணமும் தூரத்திற்கேற்ப உயர்ந்தது. ஆகவே மிகத் தொலைவில் வாழ்ந்த மிக வறிய குடும்பமே மிக அதிகமான கட்டணத்தைக் கொடுக்க நேர்ந்தது. இறுதி நிலையில்கூட மருத்துவரை அழையாத வீடுகள் பல. எனவே பல பங்குகளில் மரணங்கள் மருத்துவச் சான்று இன்றியே பதிவாயின.

1845ஆம் ஆண்டின் ஏழைகள் சட்டம் பங்குதோறும் ஒரு மருத்துவரை அமர்த்த வழிவகுத்தது. ஆனால் அவர் பங்கு நிதியினால் பராமரிக்கப்பட்ட ஏழைகளுக்கே கடமைப்பட்டவர். அவருடைய சம்பளம் சொற்பம். தங்கும் வீடு பல இடங்களில் மோசம். உள்ளூர் அவை விரும்பினால் அவரை விலக்கிவிடலாம், மேல்முறையீடு கிடையாது. விடுமுறையில் செல்ல வேண்டுமாயின் பதிலாளுக்கு அவரே பணம் கொடுக்கவேண்டும். இத்தகைய நிலையில் ஆற்றல் மிக்க இளைஞர் நிலைத்திருப்பது அரிதாயிற்று.

இக்குறையை வெளியுலகிற்கு அறிவித்தோரில் போதகர்களும் இருந்தனர் என்பது நம் கவனத்திற்குரியது. பங்கின் துயரத்தை வீடு வீடாக அறிந்தவர் வேறு எவருமிலர். சிலர் மருந்துப் பெட்டியையும் தாமே வைத்திருந்தனர். அட்லாண்டிக் கடலில் தனித்து நின்ற செயின்ட் கில்டா தீவில், பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவை இரண்டு வாரத்திற்குள் தொப்புள் வழியாகப் பற்றிய இசிவு நோயால் இறந்தன. அங்கே ஊழியம் செய்த அங்கஸ் ஃபிட்ஸ் என்னும் போதகர், இது மாற்ற இயலாத விதி என்று ஏற்க மறுத்தார். கிளாஸ்கோ நகருக்குச் சென்று, கிருமி நீக்கிய பிரசவ முறையைக் கற்றுத் திரும்பினார். 1890களில் அந்நோய் தீவிலிருந்து நீங்கியது. இது போற்றத்தக்க செயல். ஆனால் ஒருவருடைய விடாமுயற்சியைச் சார்ந்த செயல். அத்தகையவர் வாய்க்காத பங்குகளின் கதி என்ன? இவ்வினாவிற்குத் தனிமனித ஈகையால் விடை கூற இயலவில்லை.

1911ஆம் ஆண்டில் பிரித்தானிய அரசு தேசியக் காப்பீட்டுச் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளியும் முதலாளியும் வாரந்தோறும் செலுத்தும் தொகையிலிருந்து மருத்துவ உதவி கிடைக்கும் என்பது அதன் அடிப்படை. ஆலைத் தொழிலாளருக்கு இது நன்மையாக அமைந்தது. ஹைலண்ட்ஸ் குடியானவனுக்கோ முதலாளியும் இல்லை, வாரக் கூலியும் இல்லை. நாட்டின் நலத்திட்டம் அவனுடைய வாசலைத் தாண்டிச் சென்றது. இக்குறையை ஆராய 1912இல் சர் ஜான் டுவார் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அக்குழுவினர் தலைநகரில் அமர்ந்து விசாரிப்பதோடு நில்லாமல், மலைநாட்டிற்கும் தீவுகளுக்கும் நேரில் சென்று மருத்துவர், போதகர், ஆசிரியர், செவிலியர், குடியானவர் ஆகியோரின் சாட்சியத்தைக் கேட்டனர். அவ்வாண்டின் இறுதியிலேயே அறிக்கை வெளிவந்தது. 1913இல் சட்டம் இயற்றப்பட்டு, ஆண்டுக்கு 42,000 பவுன் மானியம் ஒதுக்கப்பட்டது. தேசிய சுகாதாரப் பணி தோன்றுவதற்கு முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே, ஒரு முழு நிலப்பகுதியின் மருத்துவத்திற்கு அரசு பொறுப்பேற்றது.

இத்திட்டத்தின் அமைப்பை நாம் கூர்ந்து நோக்கவேண்டும். முதலாவது, நோயாளி செலுத்தவேண்டிய கட்டணம் ஒரே அளவாக நிர்ணயிக்கப்பட்டது: முதல் வருகைக்கு 5 ஷில்லிங், பின்னைய வருகைக்கு 3 ஷில்லிங் 6 பென்ஸ், பிரசவத்திற்கு 1 பவுன். வீடு மருத்துவரின் அண்டையில் இருந்தாலும் மலைக்கு அப்பால் இருந்தாலும் தொகை ஒன்றே. பயணச் செலவை மானியம் ஏற்றது. அதாவது, தூரம் என்னும் பாரம் நோயாளியின் தோளிலிருந்து நாட்டு மக்கள் அனைவரின் தோளுக்கும் மாற்றப்பட்டது. இரண்டாவது, மருத்துவருக்கு ஆண்டுக்கு 300 பவுனுக்குக் குறையாத வருமானம் உறுதி செய்யப்பட்டது. வீடு, தொலைபேசி, விடுமுறைக்குப் பதிலாள் ஆகியவற்றிற்கும் உதவி கிடைத்தது. மூன்றாவது, மருத்துவர் அரசின் ஊழியராக்கப்படவில்லை. ஏற்கெனவே ஊர்களில் உழைத்துவந்த செவிலியர் சங்கங்களும் கலைக்கப்படவில்லை. மானியம் பெற்று வலுவடைந்தன. உள்ளதை அழித்துவிட்டுப் புதியதைக் கட்டாமல், உள்ளதைத் தாங்கி நிறுத்தும் நிர்வாகமாக அது அமைந்தது.

முதல் உலகப்போர் பணியைத் தாமதப்படுத்தியது. மருத்துவர் பலர் படைக்குச் சென்றனர். மருத்துவமனைகளுக்குரிய ஏற்பாடுகளும் மெதுவாகவே நடந்தன. எனினும் 1924இல் லூயிஸ் தீவின் ஸ்டோர்னோவே மருத்துவமனை ஓர் அறுவை மருத்துவரைப் பெற்றது. 1929ஆம் ஆண்டளவில் 160 மருத்துவரும் 175 செவிலியரும் இத்திட்டத்தின்கீழ்ப் பணியாற்றினர். 1933இல் ஐலா தீவிலிருந்து நோயாளி ஒருவர் விமானத்தில் கிளாஸ்கோவிற்குக் கொண்டுவரப்பட்டார். விமான ஆம்புலன்சுப் பணிக்கு அதுவே தொடக்கம். இதன் புகழ் கடல் கடந்தும் சென்றது. அமெரிக்காவின் கென்டக்கி மலைப்பகுதியில் 1925இல் செவிலியர் பணியைத் தொடங்கிய மேரி பிரெக்கின்ரிட்ஜ் அம்மையார், அதற்கு முந்திய ஆண்டில் ஹைலண்ட்ஸ் சென்று இம்முறையைப் பார்த்தறிந்தவர். டுவார் குழுவின் உறுப்பினராயிருந்த சர் லெஸ்லி மெக்கன்சி, 1928இல் அங்கு சென்று ஹைடன் மருத்துவமனையைத் திறந்துவைத்தார். 1948 ஜூலை 5ஆம் நாள் தேசிய சுகாதாரப் பணி தொடங்கியபோது, ஹைலண்ட்ஸ் திட்டம் அதனுள் கலந்தது.

இத்திட்டத்தின் எல்லைகளையும் நாம் மறைக்கலாகாது. கட்டணம் குறைந்ததேயன்றி, 1948 வரை முற்றிலும் நீங்கவில்லை. 5 ஷில்லிங்கும் எட்டாத குடும்பங்கள் இருந்தன. மேலும் மருத்துவம் ஒன்றினாலேயே ஒரு சமுதாயம் நிலைத்துவிடாது. குழந்தைகளைக் காப்பாற்றிய அதே செயின்ட் கில்டாவில், 1930 ஆகஸ்டு மாதத்தில் எஞ்சியிருந்த 36 பேரும் தம் வேண்டுகோளின்படியே தீவை விட்டு வெளியேற்றப்பட்டனர். இளைஞர் முன்னரே சென்றுவிட்டிருந்தனர். வேலையும் போக்குவரத்தும் இல்லாத இடத்தில் உடல்நலம் மட்டும் மக்களை நிறுத்திவைக்க இயலவில்லை.

இவ்வரலாறு ஊழியருக்கு இரண்டு உண்மைகளை எடுத்துரைக்கின்றது. ஒன்று, பங்கின் துயரத்தை அறிந்த போதகர் அதற்கு மருந்திடுவதோடு தம் கடமை முடிந்ததென்று எண்ணலாகாது. அதனைப் பொறுப்புள்ள அவையின்முன் சாட்சியாகக் கூறுவதும் அவருடைய ஊழியமே. டுவார் குழுவின்முன் பேசிய போதகர்கள் சட்டம் எழுதவில்லை. ஆனால் அவர்களைப் போன்றோர் சொல்லாதிருந்தால், தொலைவிலுள்ள வீடுகளின் நிலை சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திராது. மற்றொன்று, கட்டண அட்டவணையும் ஓர் அறவியல் ஆவணமே. ஒரு மருத்துவமனை யாரிடம் எவ்வளவு வாங்குகிறது, யாருடைய பயணச் செலவை ஏற்கிறது, தொலைவில் பணியாற்றுவோருக்கு எத்தகைய வீடும் ஓய்வும் கொடுக்கிறது என்பவற்றிலிருந்து அது யாரை அயலானாகக் கருதுகிறது என்பது புலனாகும். நம் திருமண்டலங்களின் மருத்துவப் பணிக்குழுக்கள் ஆண்டறிக்கையை வாசிக்கும்போது, சேர்க்கப்பட்ட நோயாளிகளின் எண்ணிக்கையோடு, வழிச்செலவுக்கு இல்லாமையால் வராமற்போனவர் எத்தனை பேர் என்றும் வினவுவார்களாக. ஹைலண்ட்ஸ் திட்டம் அந்த வினாவிலிருந்தே பிறந்தது.