கருவின் வயதும் பிரசவத் தேதியும்: அல்ட்ராசவுண்ட் கணிப்பின் வளர்ச்சி, வடசென்னையை முன்வைத்து

பிரசவத் தேதி என்பது கர்ப்பத்தின் வயதிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் ஒரு நாள். ஸ்கேன் கருவி அந்த நாளை அளப்பதில்லை. அது அளப்பது கருவின் நீளத்தை, தலையின் அகலத்தை, தொடை எலும்பை. அந்த மில்லிமீட்டர்களை வாரங்களாக மாற்றித் தருவது, முன்னரே வேறு பெண்களிடம் எடுத்த அளவுகளைக் கொண்டு உருவாக்கிய ஒரு வாய்பாடு. எனவே கணிப்பு எவ்வளவு சரியாக அமையும் என்பதைக் கருவியின் விலையைவிட, முதல் ஸ்கேன் எந்த வாரத்தில் எடுக்கப்பட்டது, அதற்குப் பயன்பட்டது யாருடைய வாய்பாடு என்ற இரண்டுமே தீர்மானிக்கின்றன. கணிப்புமுறையின் வரலாற்றை இந்த இரண்டையும் கொண்டு பார்க்கும்போது, சாத்தாங்காடு போன்ற தொழிற்பகுதியில் வாழும் தாய்மாருக்கு அது எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பது தெளிவாகும்.

ஸ்கேனுக்கு முந்தைய கணக்கு முழுவதும் தாயின் நினைவில் நின்றது. கடைசி மாதவிடாயின் முதல் நாளுடன் ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டும் விதி, ஜெர்மனியின் ஹைடெல்பர்க் நகரப் பேராசிரியர் பிரான்ஸ் கார்ல் நேகலேயின் (1778–1851) பெயரால் வழங்குகிறது. அதன் தோற்றுவாய் அவருக்கு முன்பிருந்த டச்சு மருத்துவர் போர்ஹாவேயிடம் உள்ளது. ஜனவரி 10-இல் மாதவிடாய் தொடங்கியிருந்தால் பிரசவத் தேதி அக்டோபர் 17. இடையில் 280 நாள். தமிழில் சொல்லும் பத்து மாதக் கணக்கும் 28 நாள் மாதமாகக் கொண்டால் இதே 280 நாளில்தான் முடிகிறது. சுழற்சி சரியாக 28 நாள், பதினான்காம் நாளில் கருமுட்டை வெளிவந்தது என்ற இரண்டு ஊகங்களின் மேல் நிற்கும் விதி இது. சுழற்சி 35 நாளாக உள்ளவருக்கும், குழந்தைக்குப் பாலூட்டும் காலத்தில் மாதவிடாய் திரும்பும் முன்பே மீண்டும் கருவுற்றவருக்கும் இது பொருந்தாது. நாள் நினைவில்லாதவரிடம் ஆடி வெள்ளிக்கு முன்பா பின்பா, பொங்கலுக்குத் தலைக்குக் குளித்திருந்தீர்களா என்று விசாரித்தே செவிலியர் நாளை நெருங்குவார்கள். காசிமேட்டு மீனவக் குடும்பங்களில் மீன்பிடித் தடைக்காலமும் அப்படி ஒரு குறிப்பாகப் பயன்படக்கூடியதே.

1844-இல் தொடங்கிய எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையிலும், 1880-இல் ராயபுரத்தில் எழுந்து ராஜா சர் ராமசாமி முதலியார் பெயரில் இன்றும் இயங்கும் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையிலும் பல தலைமுறை மருத்துவர்கள் கையால் வயிற்றைத் தொட்டே மாதம் சொன்னார்கள். கருப்பையின் உச்சி தொப்புளைத் தாண்டியதா, மார்பெலும்பின் நுனியை எட்டியதா என்பதே அளவு. முதல் கர்ப்பத்தில் 18 முதல் 20 வாரத்திலும், அடுத்தடுத்த கர்ப்பங்களில் சற்று முன்னதாகவும் தாய் உணரும் குழந்தையின் அசைவு துணைச்சான்று. இரட்டைக் கரு, மிகுந்த பனிக்குட நீர், சதைக்கட்டி ஆகியவற்றில் எது இருந்தாலும் இந்தக் கணக்கு குலைந்துவிடும். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் எக்ஸ்ரே உதவிக்கு வந்தது. தொடை எலும்பின் கீழ்முனையில் எலும்பாக்கப் புள்ளி தெரிந்தால் ஏறத்தாழ 36 வாரம் எனக் கொண்டார்கள். கருவிலேயே எக்ஸ்ரே பட்ட குழந்தைகளிடம் புற்றுநோய் கூடுதலாக இருப்பதை ஆக்ஸ்போர்டில் ஆலிஸ் ஸ்டூவர்ட் 1956-இலும் 1958-இலும் வெளிப்படுத்தியபின் அந்த வழி படிப்படியாகக் கைவிடப்பட்டது.

மாற்று வழி இரும்புத் தொழிலிலிருந்து வந்தது. உருக்குத் தகட்டுக்குள் மறைந்திருக்கும் விரிசலைக் கண்டறிய, மேற்பரப்பிலிருந்து மீயொலியைச் செலுத்தி எதிரொலி திரும்பும் நேரத்தை அளக்கும் கருவிகள் ஏற்கெனவே தொழிற்சாலைகளில் இருந்தன. கிளாஸ்கோ பேராசிரியர் இயன் டொனால்ட் 1955-இல் அறுவையில் அகற்றிய கட்டிகளை ரென்ஃப்ரூவில் இருந்த பாப்காக் அண்ட் வில்காக்ஸ் கொதிகலன் தொழிற்சாலைக்கே எடுத்துச் சென்று, அங்கிருந்த கருவியில் சோதித்துப் பார்த்தார். நீர்க்கட்டிக்கும் திடக்கட்டிக்கும் எதிரொலி வேறுபட்டது. பொறியாளர் டாம் பிரவுன், மருத்துவர் ஜான் மக்விகார் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை 1958 ஜூன் 7 லான்செட் இதழில் வெளியானது. உருக்கில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 5,900 மீட்டர் பாய்கிறது. உடலின் மென்திசுவில் 1,540 மீட்டர். வேகம் தெரிந்தால், எதிரொலி வந்த நேரமே தூரமாகிவிடும். சாத்தாங்காட்டு இரும்புச் சந்தையில் லாரியிலிருந்து இறங்கும் தகட்டின் தடிமனையும் தாயின் வயிற்றில் உள்ள சிசுவின் தலையையும் அளக்கும் இயற்பியல் ஒன்றே.

அளவை வயதாக்கும் முயற்சி 1960களின் பிற்பாதியில் உறுதிப்பட்டது. ஸ்டூவர்ட் கேம்ப்பெல் சிசுவின் தலையை இருபக்க எலும்புகளுக்கு இடையே குறுக்காக அளந்து, இரண்டாம் மும்மாதத்தில் வயது சொல்ல வழி செய்தார். இதைவிடப் பெரிய பாய்ச்சல் டொனால்டின் குழுவைச் சேர்ந்த ஹியூ ராபின்சனுடையது. கருவின் உச்சந்தலையிலிருந்து பிட்டம் வரையுள்ள நீளத்தைக் கொண்டு முதல் மும்மாதத்தில் வயதைக் கணிக்கலாம் என்று 1973-இல் அவர் காட்டினார். 1975-இல் ஃபிளெமிங்குடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், ஒரே அளவீட்டில் பிழை 95 விழுக்காட்டு நம்பிக்கையுடன் 4.7 நாளுக்குள் அடங்கும் என்றும், மூன்று தனித்தனி அளவீடுகளின் சராசரியில் 2.7 நாளாகக் குறையும் என்றும் கணக்கிட்டுத் தந்தார். இன்றுவரை கணிப்பின் அடித்தளம் இதுவே.

ஏன் இத்தனை துல்லியம் என்பதற்கு விடை வளர்ச்சியின் வேகத்தில் இருக்கிறது. பத்தாவது வாரத்தில் கருவின் நீளம் சுமார் 3 சென்டிமீட்டர். அது நாளொன்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்குக் குறையாமல் நீள்கிறது. திரையில் குறி வைப்பவரின் கை 2 மில்லிமீட்டர் தவறினாலும் கணக்கு ஏறத்தாழ இரண்டு நாள்தான் பிசகும். பதினாறாம் வாரத்துக்குப்பின் தலையின் அகலம் வாரத்துக்கு 3 மில்லிமீட்டர் அளவில் கூடுகிறது. அதே கைத்தவறு இப்போது ஐந்து நாளாகிறது. கடைசி மாதத்தில் வளர்ச்சி வாரத்துக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் கீழே இறங்குவதால் அது பத்து நாளைத் தொடும். அத்துடன், முதல் மும்மாதத்தில் எல்லாக் கருக்களும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளர்கின்றன. பின்னர் பெற்றோரின் உடல்வாகு, உணவு, சர்க்கரை நோய், நச்சுக்கொடியின் நிலை எல்லாம் அளவைப் பிரித்துவிடுகின்றன. டெக்சாஸில் ஃபிராங்க் ஹேட்லாக் 1984-இல் தலை அகலம், தலைச்சுற்றளவு, வயிற்றுச் சுற்றளவு, தொடை எலும்பு நான்கையும் சேர்த்து வெளியிட்ட வாய்பாடு பிற்கால ஸ்கேன்களுக்கு உலகத் தரமாயிற்று. அது 361 சிசுக்களின் அளவிலிருந்து பிறந்தது. அதன்படியும் கடைசி மும்மாதத்தில் இரண்டு முதல் மூன்று வாரம் வரை பிழை நேரலாம்.

இங்கே ஒரு ஆபத்து உண்டு, அதை அழுத்திச் சொல்லியாக வேண்டும். எட்டாம் மாதத்தில் முதன்முதலாக ஸ்கேன் எடுக்கும்போது, வளர்ச்சி குன்றிய குழந்தை வயதில் இளைய குழந்தையாகத் தோன்றும். 34 வாரச் சிசுவைக் கருவி 31 வாரம் என்று காட்டினால், வளர்ச்சிக் குறையே அறிக்கையிலிருந்து மறைந்துவிடும். தேதியும் மூன்று வாரம் தள்ளிப்போகும். ஆலைப் புகை சூழ்ந்த எண்ணூர், மணலி வட்டாரத்துக்கு இது வெறும் ஏட்டுச் சிக்கலாக நிற்பதில்லை. கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் தமிழ்நாட்டின் நகர, கிராமப் பகுதிகளில் 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து 2018-இல் வெளியிட்ட ஆய்வில், கர்ப்பகாலத்தில் காற்றிலுள்ள நுண்துகள் கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை 4 கிராம் குறைவதும், எடை குறைந்த குழந்தைகளின் பங்கு 2 விழுக்காடு உயர்வதும் தெரியவந்தது. எடை குறைவாகப் பிறந்த குழந்தை முன்கூட்டிப் பிறந்ததா, கருவிலேயே குன்றியதா என்று பிரித்தறிய முதல் மும்மாத ஸ்கேன்தான் உறுதியான சான்று.

இந்திய நகரங்களில் அல்ட்ராசவுண்ட் 1980களில் பரவியது. கூடவே பாலினத் தெரிவும் பரவியதால் அதைத் தடுக்க 1994-இல் சட்டம் வந்தது. 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்து 2003-இல் திருத்தப்பட்டது. ஒவ்வொரு கருவிக்கும் பதிவு, ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் ஸ்கேன் விவரங்களைக் குறிக்கும் படிவம் எஃப் என்ற கட்டுப்பாடு தேவையானதே. அதேசமயம் பகுதிச் செவிலியர் ஒருவர் தெருவுக்கே கருவியை எடுத்துச் சென்று ஆரம்ப ஸ்கேன் செய்யும் வாய்ப்பு இதனால் மூடப்பட்டது. தாய்தான் மையத்துக்குப் போக வேண்டும், கூலியை ஒரு நாள் இழந்தாவது. கர்ப்பத்தைத் தொடக்கத்திலேயே பதிவதை ஊக்குவிக்கத் தமிழக அரசு வேறு வழி எடுத்தது. 1987-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித்திட்டத்தின் தொகை 2006-இல் 6,000 ரூபாயாகவும், 2011-இல் 12,000 ஆகவும், 2018-இல் 18,000 ஆகவும் உயர்ந்தது. 12 வாரத்துக்குள் பெயரைப் பதிவதும், கர்ப்பிணிகளைத் தொடரும் அரசுப் பதிவேட்டின் பிக்மி எண் பெறுவதும் அதன் நிபந்தனைகளில் அடங்கும். நிதியுதவிக்கென வைத்த இந்த வரம்பு, கணிப்பு மிகத் துல்லியமாக அமையும் காலத்தோடு பொருந்தியிருப்பது நல்ல பயன். உலக சுகாதார நிறுவனம் 2016-இல் பரிந்துரைத்தது 24 வாரத்துக்கு முன் ஒரு ஸ்கேன் என்ற தளர்ந்த வரம்பே.

ஸ்கேனுக்கு ஸ்கேன் தேதி மாறுவதே கர்ப்பிணிகளைக் குழப்பும் செய்தி. தொடக்க ஸ்கேன் ஒரு தேதி, ஐந்தாம் மாதத்தில் இன்னொன்று, ஒன்பதாம் மாதத்தில் மூன்றாவது என்று அறிக்கைகள் சேரும்போது கடைசியாக வந்ததே சரி என்று குடும்பம் நினைப்பது இயல்பு. உண்மை நேர்மாறானது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ஒன்பது வாரத்துக்கு முந்தைய ஸ்கேன் மாதவிடாய்க் கணக்கிலிருந்து 5 நாளுக்கு மேல் விலகினால் தேதியை மாற்றலாம்; 14 வாரம் வரை 7 நாள், 16 முதல் 22 வாரத்துக்குள் 10 நாள், 28 வாரத்துக்குப்பின் 21 நாள் விலகல் இருந்தால்தான் மாற்றம். முதல் மும்மாத ஸ்கேனில் ஒருமுறை உறுதியான தேதியைப் பிந்தைய ஸ்கேன் மாற்றக் கூடாது. அப்போது தெரியும் வேறுபாடு சிசுவின் வளர்ச்சியைப் பற்றிய செய்தி.

தேதி சரியாக இருந்தும் பிரசவம் அந்த நாளில் நிகழ்வது அரிது; நூற்றில் ஐந்து குழந்தைகள்கூடக் குறித்த நாளில் பிறப்பதில்லை. கருமுட்டை வெளிவந்த நாளே தெரிந்த பெண்களைப் பற்றி ஜூகிச் குழுவினர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், குறைமாதப் பிரசவங்களை நீக்கிய பின்னும் கர்ப்பகாலம் 37 நாள் இடைவெளியில் பரவியிருந்தது.

மீதமிருப்பது வாய்பாட்டின் கேள்வி. குருகிராம் மாவட்ட மருத்துவமனையில் 2015-இல் தொடங்கிய கர்பினி ஆய்வில் திரண்ட தரவுகளைக் கொண்டு, சென்னை ஐ.ஐ.டி.யும் ஃபரீதாபாத்தின் டி.எச்.எஸ்.டி.ஐ. நிறுவனமும் இந்தியப் பெண்களுக்கான வாய்பாடுகளை உருவாக்கின. முதல் மும்மாதத்துக்கான 2021 ஆய்வில், பயன்படுத்தும் முறைக்கேற்பக் குறைமாதப் பிரசவ விகிதமே 11.27 முதல் 16.50 விழுக்காடு வரை வேறுபட்டது. அதாவது ஒரே பெண்கள், ஒரே பிரசவங்கள்; கணக்கிடும் வழி மட்டும் மாறியபோது, குறைமாதமாகக் கருதப்படும் குழந்தைகளின் எண்ணிக்கை மாறியது. 34 வாரத்துக்கு முன் நுரையீரலை முதிரவைக்கத் தரும் ஊசியும், 41 வாரம் கடந்தவருக்கு வலி தூண்டுவதும் இந்த எண்ணைப் பார்த்தே முடிவாகின்றன. 2024-இல் வெளிவந்த இரண்டாவது வாய்பாடு பிந்தைய இரண்டு மும்மாதங்களுக்கானது. ஹேட்லாக் கணக்கோடு ஒப்பிட்டால் பிழையை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காக்கியது. ஆறாம் ஏழாம் மாதத்தில் பழைய அறிக்கை எதுவும் இல்லாமல் வரும் புலம்பெயர் தொழிலாளர் குடும்பத்துப் பெண்ணுக்கும், மாதவிடாய் நாள் நினைவில்லாத தாய்க்கும் மிகவும் பயன்படக்கூடியது இந்த வாய்பாடே. அத்தகைய கர்ப்பங்களில் ஒரே அளவை நம்பாமல், சில வார இடைவெளியில் மீண்டும் அளந்து வளர்ச்சியின் போக்கைப் பார்த்தபின் தேதியைக் கையாளுவது மருத்துவ நடைமுறை.