அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஃபிரட்டர்னிட்டி, சொராரிட்டி: சேரலாமா, வேண்டாமா?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்து, பெட்டியோடு வளாகத்தில் வந்து இறங்கிவிட்டீர்கள். அங்கு யாரையும் தெரியாது. இரண்டாவது வாரம், கிரேக்க எழுத்துகள் பொறித்த டீ-சட்டை போட்ட ஒருவர் சிரித்தபடி கைகுலுக்கி, "சாயந்தரம் எங்க வீட்டுப் பக்கம் வாயேன், பார்பிகியூ இருக்கு" என்கிறார். போகலாமா?

போகலாம். பார்பிகியூவில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்த அழைப்பு எதற்கு முதல் படி என்று தெரிந்துகொண்டு போவது நல்லது.

கிரேக்க எழுத்து எதற்கு?

மாணவர்களுக்கான சங்கம் ஃபிரட்டர்னிட்டி, மாணவிகளுக்கானது சொராரிட்டி. பெரும்பாலானவற்றின் பெயர் இரண்டு மூன்று கிரேக்க எழுத்துகள்தான். அதனால் இந்த உலகத்துக்கே 'கிரீக் லைஃப்' என்று பெயர். மற்றபடி கிரேக்க நாட்டுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

1776 டிசம்பரில் வர்ஜினியாவின் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய 'ஃபை பீட்டா கப்பா' சங்கம் ஒரு கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகளைப் பெயராக வைத்துக்கொண்டது. வாசகம் உறுப்பினர்களுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம். அந்தச் சங்கம் இன்று நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. ஆனால் கிரேக்க எழுத்து, ரகசியச் சடங்கு, "நாங்கள் சகோதரர்கள்" என்ற உறுதிமொழி எல்லாம் அப்படியே மற்றச் சங்கங்களுக்குப் பரவின.

நெடுங்காலம் இவை வெள்ளையர்களின் சங்கங்களாகவே இருந்தன. வெளியே நிறுத்தப்பட்ட கறுப்பின மாணவர்கள் தங்களுக்கென்று தொடங்கினார்கள். 1906இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா உருவானது. மார்ட்டின் லூதர் கிங் அதன் உறுப்பினர். 1908இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா வந்தது. சென்னையில் பிறந்த தாய்க்கு மகளான கமலா ஹாரிஸ் அங்கு படித்தபோது அதில்தான் சேர்ந்தார். தெற்காசிய மாணவர்களுக்கான சங்கங்கள் 1990களில் வந்தன. 1994இல் நியூயார்க் மாநிலத்தின் பிங்ஹாம்டனில் அயோட்டா நூ டெல்டா, 1998இல் டெக்சஸ் ஆஸ்டினில் கப்பா ஃபை காமா என்று அது தொடங்கியது.

உங்களை அழைப்பது எந்த வகைச் சங்கம் என்பதைப் பொறுத்து செலவு, வீடு, பழக்கவழக்கம் எல்லாமே மாறும். "ஃபிராட் என்றாலே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள்.

என்ன கிடைக்கும்?

முதலில் நண்பர்கள். அதுவும் உடனடியாக. 30,000 பேர் படிக்கும் வளாகத்தில் உங்கள் பெயர் தெரிந்த 50 பேர் இருப்பது சின்ன விஷயம் இல்லை. நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையில் விடுதியே காலியாகும்போது, "எங்க வீட்டுக்கு வா" என்று கூப்பிட ஒருவர் இருப்பது அதைவிடப் பெரியது. பல சங்கங்களுக்குச் சொந்த வீடு உண்டு, சமையல்காரர்கூட இருப்பார். நிதி திரட்டுவது, கணக்குப் பார்ப்பது, 100 பேர் வரும் நிகழ்ச்சியை நடத்துவது என்று வகுப்பில் கிடைக்காத பழக்கமும் கிடைக்கும்.

அப்புறம், எல்லாரும் சொல்லும் 'நெட்வொர்க்'. யூனியன் கல்லூரிப் பொருளியலாளர்கள், அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள ஒரு கல்லூரியின் முன்னாள் மாணவர்களை ஆராய்ந்தார்கள். ஃபிரட்டர்னிட்டியில் சேர்ந்தவர்களின் மதிப்பெண் சராசரி, 4 புள்ளி அளவில் சுமார் 0.25 குறைந்தது. ஆனால் அவர்களின் பிற்கால வருமானம் சுமார் 36 விழுக்காடு கூடியது.

36 என்றதும் கண் விரியும். கொஞ்சம் பொறுங்கள். அது ஒரே ஒரு கல்லூரியின் கதை. அந்த நெட்வொர்க் வேலை செய்வது அமெரிக்க வேலைச் சந்தையில். படிப்பு முடிந்து சிங்கப்பூருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தால், ஷென்டன் வேயில் உங்கள் கிரேக்க எழுத்தைப் பார்த்து யாரும் எழுந்து நிற்கப் போவதில்லை. மாறாக, உபகாரச் சம்பளத்தில் போனவருக்கு அந்த 0.25 புள்ளி தலைவலியாகலாம்.

செலவும் உண்டு. தென் மாநிலங்களின் பெரிய சொராரிட்டிகளில் சந்தா ஒரு பருவத்துக்குச் சில ஆயிரம் அமெரிக்க டாலர். வீடு இல்லாத சிறிய சங்கங்களில் இது மிகவும் குறைவு. தொகையை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். டீ-சட்டை, விருந்து, தாமதக் கட்டணம் என்று பிறகு வந்து சேருபவற்றையும் விடாமல் கேளுங்கள்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது?

சேர்க்கைக் காலத்துக்கு 'ரஷ்' என்று பெயர். பிடித்திருந்தால் சங்கம் 'பிட்' என்ற அழைப்பைத் தரும். அதை ஏற்ற நாளிலிருந்து உறுதிமொழி எடுக்கும் நாள் வரை நீங்கள் புது ஆள், பேச்சுவழக்கில் 'பிளெட்ஜ்'. சங்கத்தின் வரலாற்றை மனப்பாடம் செய்வது போன்ற சாதாரண வேலைகள் இருக்கும். பகடிவதை நடந்தால் பெரும்பாலும் இந்த வாரங்களில்தான் நடக்கும்.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில், பிட் ஏற்ற அன்று இரவே 19 வயது மாணவர் ஒருவருக்குச் சிறிது நேரத்தில் மளமளவென்று மது கொடுக்கப்பட்டது. அவர் நிலவறைப் படிக்கட்டில் விழுந்தார். சுற்றிலும் ஆள் இருந்தும், மருத்துவ உதவிக்கு அழைத்தபோது ஏறக்குறைய 12 மணி நேரம் ஆகிவிட்டிருந்தது. அவர் பிழைக்கவில்லை. இத்தனைக்கும் அந்த வீட்டில் மதுவுக்கு அனுமதியே கிடையாது.

"அது வெள்ளைக்காரப் பசங்க ஃபிராட், நம்மவங்க அப்படி இல்ல" என்று தோணுகிறதா? 2013 டிசம்பரில் நியூயார்க்கின் பரூக் கல்லூரியிலிருந்து ஆசிய அமெரிக்க ஃபிரட்டர்னிட்டி ஒன்று தன் புது ஆள்களைப் பென்சில்வேனியா மலைப்பகுதிக்கு அழைத்துப் போனது. கண்ணைக் கட்டி, முதுகில் கனமான பையை மாட்டி, உறைந்த தரையில் நடக்க வைத்து மோதித் தள்ளினார்கள். ஆசியக் குடியேறிகள் பட்ட கஷ்டத்தை உணர்த்தும் சடங்காம் அது! 19 வயது மாணவர் ஒருவர் நினைவிழந்தார். கூட இருந்தவர்கள் உடனே ஆம்புலன்சைக் கூப்பிடாமல் இணையத்தில் அறிகுறிகளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். மாணவர் இறந்தார். 2018இல் நீதிமன்றம் அந்தச் சங்கம் பென்சில்வேனியாவில் 10 ஆண்டுகள் இயங்கத் தடை விதித்தது.

"பிடிக்கலைன்னா எழுந்து வந்துடலாமே?" என்று இங்கே உட்கார்ந்து கேட்பது சுலபம். அங்கே உங்கள் நண்பர்கள் எல்லாரும் அந்த வீட்டுக்குள் இருக்கிறார்கள். வெளியேறினால் மறுநாள் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார வேண்டும். அடிப்பார்கள் என்ற பயத்தைவிட அந்தப் பயம்தான் ஆளைக் கட்டிப்போடுகிறது. ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவரை அது இன்னும் இறுக்கும். தேசிய சேவை முடித்துவிட்டு 21 வயதில் போகும் தம்பி, 19 வயதுக்காரன் போடும் கட்டளையைக் கேட்டுச் சிரிக்கக்கூடும். 18 வயதில் போகும் தங்கைக்கு அந்தத் தைரியம் எளிதில் வராது.

பெண்கள் கவனிக்க வேண்டியது இன்னொன்று. பெரிய தேசிய சொராரிட்டிகள் தங்கள் வீடுகளில் மதுவை அனுமதிப்பதில்லை. அதனால் பார்ட்டி பெரும்பாலும் ஆண்களின் வீட்டில் நடக்கிறது. கதவு அவர்களுடையது, ஊற்றிக் கொடுக்கும் கையும் அவர்களுடையது. யாருடன் போகிறீர்கள், யாருடன் திரும்புகிறீர்கள் என்பதை முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் 18 வயதில் மது வாங்கலாம். அமெரிக்காவில் 21 ஆக வேண்டும். மாணவர் விசாவில் இருப்பவர் மது அருந்திவிட்டு வாகனம் ஓட்டிக் கைதானால் விசாவே ரத்தாகக்கூடும். "அவனே சம்மதிச்சுத்தான் செஞ்சான்" என்ற சாக்கு, பகடிவதை வழக்கில் பல மாநிலங்களில் எடுபடாது. உங்கள் முறை முடிந்து, அடுத்த ஆண்டு புது ஆள்களை நீங்கள் வரிசையில் நிறுத்தினால், குற்றவாளிக் கூண்டில் நிற்பது நீங்களாக இருக்கலாம்.

யாராவது மயங்கி விழுந்தால் 911. அவ்வளவுதான். உதவி கேட்டு அழைத்தவரை, வயது வராமல் மது அருந்திய குற்றத்துக்காகத் தண்டிக்காத சட்டம் பல மாநிலங்களில் உண்டு.

கையெழுத்துப் போடும் முன்

2024 டிசம்பரில் அமெரிக்காவில் பகடிவதைத் தடுப்புச் சட்டம் ஒன்று கையெழுத்தானது. அதன்படி பல்கலைக்கழகங்கள், பகடிவதையில் ஈடுபட்டதாக உறுதியான மாணவர் சங்கங்களின் பெயர்களைத் தங்கள் இணையத்தளத்தில் வெளியிட வேண்டும், குறைந்தது ஆண்டுக்கு இருமுறை புதுப்பிக்க வேண்டும். பல்கலைக்கழகத்தின் பெயரோடு 'ஹேஸிங் டிரான்ஸ்பரன்சி ரிப்போர்ட்' என்று தேடுங்கள். தேசியச் சங்கத்தின் பெயரை மட்டும் பார்த்தால் போதாது. உங்கள் வளாகத்துக் கிளை என்ன செய்தது என்று பாருங்கள், ஒரே சங்கத்தின் இரண்டு கிளைகள் இரவும் பகலுமாக இருக்கும்.

பிறகு, சேர்ந்துவிட்டுப் பாதியில் விலகிய ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுங்கள். விலகிய பிறகு அந்த வீட்டில் எத்தனை பேர் தன்னோடு பேசினார்கள் என்று அவர் சொல்வார். சொராரிட்டியில் சேர்வதாக இருந்தால் சேர்க்கை ஒப்பந்தத்தையும் வரி விடாமல் படியுங்கள். அதில் கையெழுத்துப் போட்டு, கிடைத்த பிட்டை மறுத்துவிட்டால், அதே வளாகத்தில் அந்தக் கூட்டமைப்பைச் சேர்ந்த வேறு சொராரிட்டியில் சேர ஓராண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.