ஒற்றை எஸ்

கல்ச்சர் ரிப்போர்ட் பார்த்திருக்கீங்களா? பார்க்காதவங்க குடுத்து வச்சவங்க.

2013-ல் எங்க பெரியப்பா நிமோனியாவில் விழுந்து ஐசியூவில் கிடந்தார். வெண்டிலேட்டர் போட்ட பதினோராவது நாள் அந்தத் தாள் என் கைக்கு வந்தது. இடது பக்கம் வரிசையா ஆன்டிபயாடிக் பெயர்கள். வலது பக்கம் ஒவ்வொண்ணுக்கும் ஒரே ஒரு எழுத்து. எஸ் என்றால் கிருமி அந்த மருந்துக்கு அடங்கும். ஆர் என்றால் அடங்காது. மேலேர்ந்து கீழே வரைக்கும் ஆர், ஆர், ஆர். மெரோபெனத்துக்கும் ஆர். கடைசி வரியில் மட்டும் கொலிஸ்டின் என்று ஒரு பெயர், அதுக்கு எதிரே எஸ்.

"சார், இது ஒண்ணுதான் மிச்சம். கிட்னியை அடிக்கும். ஆனா வேற வழியில்லை" என்றார் அந்தச் சின்ன வயசு டாக்டர். பெரியம்மாவிடம் கேட்காமலேயே தலையாட்டிவிட்டேன்.

அன்னிக்கு ராத்திரி ஐசியூ வாசல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் சுருக்கென்று ஞாபகம் வந்தது. மூணு வருஷம் முன்னாடி இதே சமாசாரத்தைப் பத்தி நானே ஒரு பதிவு போட்டிருக்கிறேன். தலைப்பு "மேல்நாட்டு சதி". கோபாவேசமாக எழுதியது. பின்னூட்டங்களும் அமோகம்.

கதை சுவீடனில் ஆரம்பிக்குது. அங்கே வசித்த இந்திய வம்சாவளிக்காரர் ஒருவர், வயது 59, ஊருக்கு வந்த இடத்தில் உடம்பு சரியில்லாமல் 2007 டிசம்பரில் லூதியானாவிலும் பிறகு டெல்லியிலும் ஆஸ்பத்திரியில் இருந்தார். 2008 ஜனவரியில் சுவீடன் திரும்பியதும் அவருடைய சிறுநீரைப் பரிசோதித்தார்கள். அதிலிருந்த க்ளெப்சியெல்லா கிருமி கார்பபெனம் மருந்துகளையே தூக்கிச் சாப்பிட்டது.

கார்பபெனம்னா சாதாரண ஆள் இல்லை. பென்சிலின் குடும்பத்தில் கடைசியாகப் பிறந்த பலசாலி. அதில் முதல் மருந்தான இமிபெனம் 1985-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மத்ததெல்லாம் தோத்த பிறகு ஐசியூக்காரங்க கையில் எடுக்கிற ஆயுதம். அதை அறுத்துப் போடும் ஒரு என்சைம் அந்தக் கிருமியிடம் இருந்தது. 2009 டிசம்பரில் வந்த ஆய்வுக் கட்டுரையில் அதுக்கு நியூடெல்லி மெட்டலோ-பீட்டா-லாக்டமேஸ்-1 என்று பெயர் வைத்தார்கள். சுருக்கமா என்டிஎம்-1.

என்சைமை விடப் பெரிய தலைவலி, அதன் மரபணு உட்கார்ந்திருந்த இடம். குரோமோசோமில் இருந்திருந்தால் அந்தக் கிருமியின் வாரிசுகளோடு போயிருக்கும். இது இருந்தது பிளாஸ்மிட் என்கிற தனி வளையத்தில். பரீட்சை ஹாலில் பிட் பேப்பர் கை மாறுகிற மாதிரி, க்ளெப்சியெல்லாவிடமிருந்து ஈ.கோலைக்கு, அங்கிருந்து இன்னொண்ணுக்கு. ஜாதி, குலம் எதுவும் பார்க்காது.

ஐசியூவை விட இதுக்குத் தோதான ஹால் கிடையாது. தொண்டையில் குழாய், மூத்திரப் பையில் குழாய், கழுத்து நரம்பில் குழாய். ஒவ்வொரு குழாயும் உள்ளே போக ஒரு வாசல். எல்லா நோயாளிக்கும் ஏதோ ஒரு ஆன்டிபயாடிக் ஓடிக்கொண்டிருப்பதால் அசடுகள் செத்து, அசராததுகள் மட்டும் மிஞ்சும். அவசரத்தில் கழுவாமல் விட்ட ஒரு ஜோடிக் கை போதும், ஒரு கட்டிலிலிருந்து அடுத்த கட்டிலுக்குப் போக.

2010 ஆகஸ்ட்டில் லான்செட் குழுமத்தின் தொற்றுநோய் இதழில் அடுத்த கட்டுரை வந்தது. முதல் பெயர் நம்ம சென்னைக்காரர், கார்த்திகேயன் குமாரசாமி. தரமணியில் இருக்கும் சென்னைப் பல்கலைக்கழக மருத்துவ ஆய்வு நிறுவனத்தில் ஆராய்ச்சி மாணவர். சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37, இந்தியா பாகிஸ்தானின் மற்ற இடங்களில் 73 மாதிரிகளில் என்டிஎம்-1 இருந்தது. பெரும்பாலானவை டைகிசைக்ளின், கொலிஸ்டின் ரெண்டுக்கு மட்டுமே அடங்கின.

இந்த எண்களைப் பத்தி நாம பேசினோமா? இல்லையே! பேரைப் பத்திப் பேசினோம். "டெல்லி பேரை எப்படி வைக்கலாம்? மருத்துவச் சுற்றுலாவைக் கெடுக்கற வேலை" என்று பாராளுமன்றம் வரை போனது. இந்தியாவில் ஆபரேஷன் செய்துகொள்வதைத் தவிர்க்கச் சொல்லும் தொனியில் கட்டுரை முடிந்திருந்தது. அந்த முடிவை தான் ஏற்கவில்லை என்று குமாரசாமியே சொன்னார். அந்தக் கோபம் நியாயம்தான், இப்பவும் சொல்வேன். 2011 ஜனவரியில் லான்செட் ஆசிரியர் ரிச்சர்ட் ஹார்ட்டனே பெயர் வைத்தது தவறு என்று ஒத்துக்கொண்டார். நாங்களெல்லாம் ஜெயித்த மாதிரி குதித்தோம்.

இதே ஜாதி என்சைம்களில் வெரோனா பேரில் ஒண்ணு, சியோல் பேரில் ஒண்ணு, சாவ் பாவ்லோ பேரில் ஒண்ணு என்று ஏற்கெனவே இருக்கு. அது எனக்கு அப்போ தெரியாது. கண்வலிக்கு "மெட்ராஸ் ஐ"ன்னு பேர் வச்சுட்டு அலையற ஊர்க்காரன் நான், டெல்லிக்காகக் கொடி பிடிச்சேன் பாருங்க!

அதுக்கப்புறம் வந்த ரெண்டு செய்திகளை என்னை மாதிரி ஆட்கள் கண்டுக்கவே இல்லை. 2011 ஏப்ரலில், டெல்லித் தெருக்களில் தேங்கிய நீரில் எடுத்த 171 மாதிரிகளில் 51-லும், குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2-லும் இந்த மரபணு இருப்பதாக ஒரு ஆய்வு சொன்னது. 2006-ல் இந்திய ஆஸ்பத்திரிகளில் சேமித்து வைத்திருந்த கிருமிகளைத் திரும்பச் சோதித்தபோது அதிலும் என்டிஎம்-1 இருந்தது என்றது இன்னொன்று. சுவீடன்காரர் விமானம் ஏறுவதற்கு முன்னாலேயே அது இங்கே குடித்தனம் பண்ணிக்கிட்டிருந்திருக்கு.

உருப்படியாக நடந்ததும் உண்டு. 2012 ஆகஸ்ட்டில் மருத்துவ அமைப்புகள் கூடி, நடைமுறைக்கு ஒத்துவருகிற மாதிரி ஒரு திட்டம் போட்டார்கள். கூடிய ஊரின் பேரிலேயே அது "சென்னைப் பிரகடனம்" ஆச்சு. (இந்தப் பேருக்கு யாரும் கோவிச்சுக்கலை.) 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் எச்1 அமலுக்கு வந்தது. அந்தப் பட்டியலில் உள்ள மருந்தை விற்றால் மருந்துக்கடைக்காரர் நோயாளி பேர், டாக்டர் பேர் எல்லாம் தனிப் பதிவேட்டில் எழுதி மூணு வருஷம் வைத்திருக்கணும். எங்க தெருக் கடையில் அந்த நோட்டை நான் இன்னும் பார்த்ததில்லை, அது வேற விஷயம்.

கொலிஸ்டின் கதை இன்னும் விசித்திரம். 1940களின் கடைசியில் ஜப்பானில் ஒரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்தது. சிறுநீரகத்தைக் கெடுக்குதுன்னு 1970களில் மெல்ல ஓரங்கட்டினார்கள். புது மருந்துகள் தோற்ற பிறகு பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டினார்கள். ஆனா மனுஷனுக்குப் பயந்து பயந்து கொடுத்த அந்த மருந்தை, கோழி சீக்கிரம் கொழுக்கட்டும்னு தீவனத்தில் கலந்துகொண்டுதான் இருந்தோம். அதை எதிர்க்கும் மரபணுவும் பிளாஸ்மிட்டில் ஏறிவிட்டது, பன்றியிலும் இறைச்சியிலும் நோயாளியிடமும் இருக்கிறது என்று 2015 நவம்பரில் சீனாவிலிருந்து செய்தி. இந்தியா 2019 ஜூலையில்தான் கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் அதைத் தடை செய்தது.

பெரியப்பா பிழைத்தார். தினம் காலையில் கிரியாட்டினின் எவ்வளவு என்று கேட்பதே எங்க வேலையாக இருந்தது. 1.1-ல் தொடங்கி 3.4 வரை ஏறி, கொஞ்சம் இறங்கி நின்றது. வீட்டுக்கு வந்தவர் அப்புறம் நாலு வருஷம், தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து குடித்தபடி இருந்தார். பக்கத்துக் கட்டில்காரருக்கும் அதே கொலிஸ்டின்தான். அவர் வீடு திரும்பவில்லை.

"மேல்நாட்டு சதி" பதிவை நான் அழிக்கவில்லை. பின்னூட்டங்களோடு அப்படியே கிடக்கட்டும்.

பழைய ஃபைலில் அந்த ரிப்போர்ட் இன்னும் இருக்கு. உலகெங்கும் பல லேப்கள் பின்பற்றும் அமெரிக்கத் தரநிலை 2020-ல் மாறியது. அதன்படி கொலிஸ்டினுக்கு எஸ் என்ற பிரிவே இப்போ கிடையாது. ஒண்ணு ஆர், இல்லைன்னா நடுவாந்தரமா ஒரு ஐ. பெரியப்பாவின் தாள் அந்தக் கணக்கில் இன்னிக்கு வந்திருந்தால், கடைசி வரியில் அந்த எஸ்ஸும் இருந்திருக்காது.