ஓட்டக் காலணித் தேர்வின் வரலாறு

ஓட்டக் காலணி என்பது ஓடும்போது பாதத்தைக் காக்கவும் தரையில் பிடிமானம் தரவும் உருவாக்கப்பட்ட காலணி ஆகும். இன்று கடைகளில் இதில் எண்ணற்ற வகைகள் கிடைக்கின்றன. அவற்றுள் ஒருவருக்கு ஏற்றது எது என்ற கேள்விக்கான விடை, கடந்த 130 ஆண்டுகளில் பலமுறை மாறியுள்ளது.

ஆணிக் காலணிகள்

இங்கிலாந்தின் போல்டன் நகரைச் சேர்ந்த ஜோசப் வில்லியம் ஃபாஸ்டர், 1890களில் அடியில் ஆணிகள் பொருத்திய ஓட்டக் காலணிகளைச் செய்தார். ஜெர்மனியைச் சேர்ந்த அடோல்ஃப் டாஸ்லரின் ஆணிக் காலணிகளை அணிந்த ஜெசி ஓவன்ஸ், 1936ஆம் ஆண்டு பெர்லின் ஒலிம்பிக்கில் 4 தங்கப் பதக்கங்கள் வென்றார். இவை போட்டியாளர்களுக்கெனச் செய்யப்பட்ட தோல் காலணிகள். எடைக் குறைவும் பிடிமானமுமே அவற்றின் நோக்கம்.

பிக்கிலாவின் இரு வெற்றிகள்

1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக் மாரத்தானில் எத்தியோப்பியாவின் அபேபே பிக்கிலா வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 நொடிகளில் முதலிடம் பெற்றார். அங்கு கிடைத்த காலணிகள் அவர் காலுக்குச் சரியாகப் பொருந்தவில்லை. வெறுங்காலுடன் ஓடிப் பயிற்சி பெற்றவர் என்பதால் அவ்வாறே ஓட முடிவு செய்தார். 1964இல் டோக்கியோவில் காலணி அணிந்து ஓடி, 2 மணி 12 நிமிடம் 11 நொடிகளில் மீண்டும் வென்றார். பொருந்தாத காலணியை அவர் ஒதுக்கினார், பொருந்தியதை ஏற்றார்.

பொதுமக்களின் ஓட்டம்

1960களின் பிற்பகுதியில் உடல்நலத்திற்காக மெதுவாக ஓடும் பழக்கம் அமெரிக்காவில் பரவியது. அதை ஊக்குவித்தவர்களுள் ஒருவரான ஓரிகன் பல்கலைக்கழகப் பயிற்சியாளர் பில் பவர்மேன், 1970களின் தொடக்கத்தில் வாஃபிள் சுடும் அச்சில் ரப்பரை ஊற்றிப் புதுவகை அடிப்பகுதியை உருவாக்கினார். 1970களின் நடுப்பகுதியில் ஈ.வி.ஏ. எனப்படும் இலேசான நுரைப்பொருள் காலணிகளில் இடம்பெற்றது. கெட்டியான சாலையில் ஓடும் சாதாரண மக்களுக்கு மெத்தென்ற காலணி கிடைத்தது.

பாத வளைவுக் கோட்பாடு

அடுத்து, பாதத்தின் அமைப்பைப் பார்த்துக் காலணியைத் தேர்ந்தெடுக்கும் முறை வந்தது. ஈரப் பாதத்தைத் தாளில் பதித்து, அச்சின் வடிவத்தைக் காண்பர். தட்டைப் பாதம் உட்புறம் அதிகம் சாயும் எனக் கருதி, சாய்வைக் கட்டுப்படுத்தும் காலணியைக் கொடுப்பர். உயர்ந்த வளைவு உள்ளவருக்கு மெத்தென்ற காலணியையும், இடைப்பட்டவருக்கு நிலைத்தன்மைக் காலணியையும் பரிந்துரைப்பர். இம்முறை பல ஆண்டுகள் கேள்வியின்றி ஏற்கப்பட்டது.

அமெரிக்கத் தரைப்படை, விமானப்படை, மரைன் படை ஆகியவற்றில் பயிற்சி பெறுவோரிடம் இது சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினருக்குப் பாத வடிவப்படி காலணிகள் வழங்கப்பட்டன. மற்றப் பிரிவினர் அனைவருக்கும் ஒரே வகைக் காலணி தரப்பட்டது. 2009, 2010 ஆண்டுகளில் வெளியான முடிவுகளின்படி, காயங்களின் அளவில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. எனினும் 2016இல் லக்சம்பர்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பாதம் உட்சாய்ந்தவர்களுக்குச் சாய்வைக் கட்டுப்படுத்தும் காலணி பயன்தந்தது. எனவே கோட்பாடு முழுதும் தவறு எனக் கூற இயலாது. எல்லோருக்குமான விதியாக அதைக் கொள்ளவும் இயலாது.

வசதியே அளவுகோல்

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பென்னோ நிக், சக ஆய்வாளர்களுடன் 2015இல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஓடுபவர் தமக்கு வசதியாக உள்ள காலணியைத் தேர்ந்தால், உடல் தனக்கு இயல்பான அசைவில் ஓடும். அதனால் காயம் குறையலாம் என்பதே அது. இது இன்னும் முழுமையாக நிறுவப்படவில்லை என்றாலும், செலவில்லாமல் எவரும் பின்பற்றத்தக்கது.

தேர்ந்தெடுக்கும்போது கவனிக்க வேண்டியவை:

- மாலையில் பாதம் சற்று வீங்கியிருக்கும். அப்போது அணிந்து பார்ப்பது நல்லது.
- ஓடும்போது அணியும் காலுறையுடனேயே சோதிக்க வேண்டும்.
- இரு பாதங்களும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரிய பாதத்திற்கு ஏற்ற அளவை வாங்க வேண்டும்.
- நீளமான விரலுக்கு முன்னால் ஏறத்தாழ ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும்.
- குதிகால் நழுவக்கூடாது, விரல்கள் நெருக்கப்படக்கூடாது.
- கடையிலேயே சிறிது தூரம் ஓடிப் பார்க்க வேண்டும். "போகப் போகச் சரியாகிவிடும்" என்று எண்ணி, உறுத்தும் காலணியை வாங்கக்கூடாது.

விலையும் விளம்பரமும் பொருத்தத்திற்கு உறுதி தருவதில்லை. தொடர்ந்து வலி உள்ளவர்கள் காலணியை மாற்றிக்கொண்டே இராமல் மருத்துவரை அணுக வேண்டும்.