தோட்டத்துக் காட்டுப்பன்றிப் பிரட்டல்

மலாக்கா மாநிலத் தோட்டத் தமிழர்களிடையே பலர் கூடிச் செய்யும் இறைச்சிச் சமையல். மலேசியத் தமிழர் வாழும் பிற மாநிலங்களிலும் உண்டு. முழுப் பன்றியைச் சுட்டு அப்படியே படைப்பது சிங்மிங் போன்ற சீனர் சடங்குகளுக்கு உரியது. தமிழர் கையில் முழுப் பன்றி நெருப்பைக் காண்பது மயிர் பொசுங்கும் வரைதான். அதன்பின் துண்டாகிக் குவாலி எனும் வாணலிக்குள் போய்விடும்.

மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் 1896இல் போடப்பட்டது. போட்டவர் டான் சே யான். பின்னர் ஜாசின், அலோர்காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின. பால் வெட்ட வந்த தமிழர் லயங்கள் எனும் வரிசை வீடுகளில் குடியேறினர். கித்தா எனும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தபோது காட்டுப்பன்றிக்குக் கொண்டாட்டம்: இளங்கன்றைத் தோண்டிக் குருத்தைத் தின்றுவிடும். அதைப் பிடிப்பதில் தோட்ட நிர்வாகத்துக்கும் வருத்தமில்லை. ஆனால் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டைக்கு உரிமம் வேண்டும். துப்பாக்கிக்கு அனுமதி தனி.

பிடித்த பன்றியைச் சுத்தம் செய்வது தனியாளால் ஆகிற வேலையல்ல. காய்ந்த தென்னோலை கொளுத்தி மயிரைப் பொசுக்க வேண்டும். இன்று சிலர் எரிவாயுச் சுடரில் முடித்துவிடுகிறார்கள். ஒருவர் புரட்டிப் பிடிக்க, மற்றவர் தோல் வெளுக்கும்வரை கத்தியால் சுரண்டி, மஞ்சள் பூசிக் கழுவுவார். குடல் கிழியாமல் வயிற்றைத் திறப்பதுதான் நுட்பம். அதற்குக் கைப்பழக்கம் உள்ளவரையே தேடுவார்கள். விறகு, தண்ணீர், வெங்காயம் உரித்தல், இஞ்சி பூண்டு அரைத்தல் எல்லாம் மற்றவர் பாடு. வந்து நிற்பவர் கையில் ஏதாவது ஒரு வேலை திணிக்கப்படும்.

கறி கடினமானது, சிறு துண்டாக வெட்டி நெடுநேரம் வேகவிடுவர். கொழுப்பே உருகிவிடுவதால் எண்ணெய் அதிகம் தேவைப்படாது. மிளகாய்த்தூள், மிளகு, கறிவேப்பிலையோடு சேரும் கெட்டிக் கிச்சாப்பு (சோயா சாறு), தமிழக ஊர்க்கறியில் இல்லாத மலேசியச் சேர்க்கை. நீர் வற்றி, மசாலா கறுத்துத் தோலோடு ஒட்டும் பதத்தில் இறக்குவர். சோற்றுக்கும் ஆகும், கள்ளுக்குத் தொடுகறியாகவே இதன் பெயர் பரவியது எனலாம்.

சமைக்காத கறியைக் கூறு போடுவதும் உண்டு. எலும்பு, சதை, கொழுப்பு எல்லாக் கூறிலும் விழவேண்டும், தவறினால் சண்டைதான்.

அரைவேக்காடு ஆபத்து: காட்டுப்பன்றி இறைச்சியில் ஒட்டுண்ணிப் புழு இருக்கக்கூடும். பன்றியைச் சுற்றிய நோயச்சம் வேறும் உண்டு: பண்ணைப் பன்றியிலிருந்து மனிதருக்குப் பரவிய நிப்பா வைரசு 1998–99இல் மலேசியாவில் நூற்றுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. பெயர் வந்தது மலாக்காவை அடுத்த நெகிரி செம்பிலானின் சுங்கை நிப்பா ஊரிலிருந்து. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2021இல் நாட்டுக்குள் வந்தது. அது மனிதரைத் தொற்றாது, காட்டுப்பன்றியை விடாது.

தமிழரிலேயே பன்றியைத் தொடாதவர் பலர். ஆகவே குவாலியும் கரண்டியும் தனி, அடுப்பு வீட்டுக்குப் பின்புறம். அதே விருந்தில் கோழிக்கறி வேறு அடுப்பில் வேகும்.