88 வெற்றி, 105 தோல்வி: மோ டிரபாவ்ஸ்கியை ஊர் மறக்காத கதை

நண்பர்களே, இன்று கொஞ்சம் நீளமான பதிவு. பேஸ்பால் பற்றியது. "அது நமக்கு எதுக்கு சார்?" என்று கேட்கப்போகும் பழைய மாணவர்கள் யார் யார் என்றும் எனக்குத் தெரியும். கிரிக்கெட் பார்த்துப் பழகியவர்களுக்கு இது புரியும். புரியாத இடத்தில் சொல்லிக்கொண்டே போகிறேன்.

2006 ஜூன் 10ஆம் தேதி, அமெரிக்காவின் லிட்டில் ராக் நகரில் மோ டிரபாவ்ஸ்கி என்ற முன்னாள் பந்துவீச்சாளர் காலமானார். வயது 70. மல்டிபிள் மைலோமா என்ற எலும்பு மஜ்ஜைப் புற்றுநோயோடு சில ஆண்டுகள் போராடியவர். பேஸ்பாலில் மிகச் சிறந்தவர்களைச் சேர்க்கும் 'ஹால் ஆஃப் ஃபேம்' பட்டியலில் இவர் பெயர் கிடையாது. ஆனாலும் செய்தி வந்ததும் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதின. பால்டிமோர் நகரத்து ரசிகர்கள், தெரு முனையில் கடை வைத்திருந்த பெரியவர் போய்விட்டதைப் போலப் பேசிக்கொண்டார்கள். பேச்சில் துக்கத்தைவிடச் சிரிப்பு அதிகம். ஏன் என்று பார்ப்போம்.

முதலில் கணக்கு. 1956 முதல் 1972 வரை 17 பருவங்கள், எட்டு அணிகள். பேஸ்பாலில் ஒவ்வொரு ஆட்டத்தின் வெற்றியும் ஒரு பந்துவீச்சாளர் பெயரில் எழுதப்படும், தோல்வியும் அப்படியே. டிரபாவ்ஸ்கியின் பெயரில் 88 வெற்றிகள், 105 தோல்விகள். வென்றதைவிடத் தோற்றது அதிகம்.

இப்படி அணி அணியாகப் போகும் ஆட்டக்காரரை அங்கே 'ஜர்னிமேன்' என்பார்கள். ஊர் ஊராகப் பயணம் போகிறவர் என்றுதான் பலரும் பொருள் கொள்கிறார்கள். உண்மையில் அந்தச் சொல் 'ஒரு நாள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய ஐரோப்பியக் கைத்தொழில் சங்கங்களில் தொழில் கற்கும் பையன் ஒருவன், சொந்தப் பட்டறை வைத்திருக்கும் ஆசான் ஒருவர், இருவருக்கும் நடுவில் தொழில் நன்றாகத் தெரிந்தும் சொந்தப் பட்டறை இல்லாமல் நாள் கூலிக்கு வேலை செய்கிறவர் ஒருவர். அவர்தான் ஜர்னிமேன். இந்தப் பொருளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

டிரபாவ்ஸ்கி பிறந்தது போலந்தில், ஓசானா என்ற சிற்றூரில், 1935இல். இரண்டாம் உலகப் போர் மூளுவதற்கு முன்பே தாயோடு அமெரிக்கா வந்து சேர்ந்தார். வளர்ந்தது கனெக்டிகட் மாநிலத்தில். ஹார்ட்ஃபோர்டிலுள்ள டிரினிடி கல்லூரியில் பொருளாதாரம் படித்தார். 21 வயதில் சிகாகோ கப்ஸ் அணிக்குப் பந்துவீச வந்தார். அடுத்த ஆண்டே 13 வெற்றி, 15 தோல்வி, 170 ஸ்ட்ரைக் அவுட். நல்ல தொடக்கம்தான். அதற்கடுத்த ஆண்டு கை வலி வந்தது. பந்தின் வேகம் குறைந்தது. வேகத்தை நம்பி வந்தவர்களுக்கு அங்கிருந்து இறக்கம்தான்.

சாதனைப் புத்தகத்தில் அவர் பெயர் இருக்கிறது, இல்லாமல் இல்லை. அடுத்தவர் சாதனையின் ஓரத்தில் இருக்கிறது. 1958 மே 13ஆம் தேதி செயின்ட் லூயிஸ் அணியின் ஸ்டான் மியூசியல் தன் 3,000ஆவது ஹிட்டை அடித்தார். அதுவரை ஏழு பேர் மட்டுமே தொட்டிருந்த எண் அது. சொந்த ஊர் ரசிகர்கள் முன்னால் அடிக்கட்டும் என்று அன்று அவரை வெளியே உட்கார வைத்திருந்தார்கள். ஆட்டம் கை நழுவும்போல இருக்கவே மாற்று மட்டையாளராக அனுப்பினார்கள். வந்தார், இடப்பக்கம் ஒரு டபுள் அடித்தார். பந்து வீசியவர் டிரபாவ்ஸ்கி. மியூசியலின் தகப்பனாரும் போலந்திலிருந்து குடியேறியவர் என்பதை நினைத்தால் எனக்கு ஒரு புன்னகை வருகிறது.

1963 ஜூலை 13. ஏர்லி வின் என்ற 43 வயதுப் பந்துவீச்சாளர், 299 வெற்றியில் மாதக்கணக்கில் சிக்கிக் கிடந்தவர், 300ஆவது வெற்றியை எட்டிப் பிடித்தார். எதிரணியில் தோல்வி யார் பெயரில் எழுதப்பட்டது? அதே டிரபாவ்ஸ்கி.

1965 முடிவில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணி 25,000 டாலருக்கு ஒரு டிராஃப்டில் அவரை எடுத்தது. 'எங்கள் பட்டியலில் இவருக்கு இடமில்லை, வேண்டுமானால் நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்' என்று மற்ற அணிகள் விட்டுவிட்ட ஆட்டக்காரர்களை எடுக்கும் முறை அது. அப்போது அவருக்கு 30 வயது. இனி ஆட்டத்தைத் தொடங்கும் பந்துவீச்சாளர் இல்லை, பாதியில் வருகிற ரிலீஃப் பிட்சர். அந்த 1966ஆம் ஆண்டில் ஆறு வெற்றி, ஒரு தோல்விகூட இல்லை. பால்டிமோர் உலகத் தொடருக்கும் போய்ச் சேர்ந்தது.

1966 அக்டோபர் 5, லாஸ் ஏஞ்சலஸ், டாட்ஜர் ஸ்டேடியம். எதிரே டாட்ஜர்ஸ், முந்தைய ஆண்டின் சாம்பியன்கள். சாண்டி கோஃபாக்ஸும் டான் டிரைஸ்டேலும் இருந்த அணி. பால்டிமோர் ஜெயிக்கும் என்று சொன்னவர்கள் குறைவு. முதல் இன்னிங்ஸிலேயே ஃபிராங்க் ராபின்சனும் புரூக்ஸ் ராபின்சனும் அடுத்தடுத்து ஹோம் ரன் அடித்தார்கள். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மூன்றாவது இன்னிங்ஸில் பால்டிமோரின் டேவ் மெக்நாலிக்குக் குறி தவறத் தொடங்கியது. நான்கு பந்துகள் குறிக்கு வெளியே போனால் மட்டையாளர் சும்மாவே முதல் பேஸுக்கு நடந்து போகலாம்; அதற்கு 'வாக்' என்று பெயர். மெக்நாலி மூன்று பேரை அப்படி நடக்க விட்டார். மூன்று பேஸிலும் ஆள். ஒருவர் மட்டுமே அவுட். ஸ்கோர் 4-1. டிரபாவ்ஸ்கியைக் கூப்பிட்டார்கள்.

இங்கே கிரிக்கெட்டுக்கும் பேஸ்பாலுக்கும் ஒரு வேறுபாடு சொல்ல வேண்டும். நம் ஆட்டத்தில் அடி வாங்கிய பந்துவீச்சாளரை எல்லைக்கோட்டருகே நிறுத்திவிட்டு, பத்து ஓவர் கழித்து மறுபடி கூப்பிடலாம். அங்கே வெளியே போனவர் போனவர்தான், அன்றைக்குத் திரும்ப முடியாது. அதனால் பாதியில் வருகிறவர், முன்னவர் விட்டுப்போன சிக்கல் முழுவதையும் தலையில் வாங்கிக்கொண்டுதான் நிற்க வேண்டும்.

முதலில் வெஸ் பார்க்கரை ஸ்ட்ரைக் அவுட் செய்தார். அடுத்து வந்த ஜிம் கில்லியமுக்கு நான்கு பந்தும் வெளியே போய்விட, மூன்றாவது பேஸில் நின்றவர் நடந்தே வந்து ஒரு ஓட்டம் எடுத்துவிட்டார். 4-2. பதற்றம் என்றால் அதுதான். அடுத்த ஆள், ஜான் ரோஸ்பரோ, பந்தை மேலே தூக்கிக் கொடுத்தார். பிடித்தார்கள். இன்னிங்ஸ் முடிந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் பால்டிமோரில் பெரியவர்கள் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். நான்காவது இன்னிங்ஸில் மூன்று பேரும் ஸ்ட்ரைக் அவுட். ஐந்தாவதிலும் மூன்று பேரும் ஸ்ட்ரைக் அவுட். தொடர்ச்சியாக ஆறு பேர்! உலகத் தொடரில் 1919இல் ஒருவர் செய்தது, அதைச் சமன் செய்தார். கடைசிப் பந்துவரை அவரே வீசினார். அவர் எடுத்த 20 அவுட்டுகளில் 11 ஸ்ட்ரைக் அவுட். கொடுத்த ஹிட் ஒன்றே ஒன்று. பாதியில் வந்த எந்தப் பந்துவீச்சாளரும் அதற்கு முன் உலகத் தொடரின் ஓர் ஆட்டத்தில் 11 ஸ்ட்ரைக் அவுட் எடுத்ததில்லை. பால்டிமோர் 5-2 என்று வென்றது.

எல்லோரும் அந்த 11ஐச் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கில்லியமுக்குக் கொடுத்த அந்த வாக்தான். ஏனென்றால் அந்தத் தொடரில் டாட்ஜர்ஸ் எடுத்த கடைசி ஓட்டம் அது. அதன் பிறகு 33 இன்னிங்ஸ், ஓர் ஓட்டம்கூட இல்லை. பால்டிமோர் அடுத்த மூன்று ஆட்டங்களையும் 6-0, 1-0, 1-0 என்று வென்று நான்கே ஆட்டத்தில் கோப்பையைத் தூக்கியது. கடைசி ஆட்டத்தில் ஒன்பது இன்னிங்ஸும் வீசி வென்றவர் முதல் நாள் தடுமாறிய மெக்நாலி. டிரபாவ்ஸ்கிக்கு அந்தத் தொடரில் மறுபடி பந்துவீசும் வேலையே வரவில்லை.

சரி, சிரிப்புக்கு வருவோம். மைதானத்தின் ஓரத்தில் மாற்றுப் பந்துவீச்சாளர்கள் காத்திருக்கும் இடத்துக்குப் 'புல்பென்' என்று பெயர். மேலாளர் அங்கே தொலைபேசியில் அழைத்து, "இன்னாரைத் தயார் செய்" என்பார். டிரபாவ்ஸ்கி முன்பு கான்சாஸ் சிட்டி அணியில் இருந்தவர், அந்த மைதானத்தின் உள்தொலைபேசி எண்கள் அத்தனையும் மனப்பாடம். பால்டிமோர் அணியோடு அங்கே போனபோது எதிரணியின் புல்பென்னுக்கே போன் போட்டு, அவர்கள் மேலாளர் ஆல்வின் டார்க்கின் குரலில், "லூ கிராஸைச் சீக்கிரம் தயார் செய்" என்று அதட்டினார். அவர்களுடைய பந்துவீச்சாளரோ மைதானத்தில் அருமையாக வீசிக்கொண்டிருக்கிறார். பாவம் கிராஸ், அவசர அவசரமாக எழுந்து கையைச் சூடாக்கினார். இந்தக் கதையைச் சொல்லாத இரங்கல் குறிப்பு ஏதாவது இருந்தால் ஆச்சரியம்.

இன்னொரு கதை, புல்பென் தொலைபேசியிலிருந்து ஹாங்காங்கிலுள்ள உணவகத்துக்குப் பேசிச் சாப்பாடு ஆர்டர் செய்தது. கடல் தாண்டிய அழைப்புக்கு அந்தக் காலத்தில் என்ன கட்டணம் என்பதை டிரங்க் கால் போட்டுக் காத்திருந்த தலைமுறைக்குச் சொல்ல வேண்டியதில்லை. பாம்பு என்றால் நடுங்கும் லூயிஸ் அபரிசியோவிடம் உயிருள்ள பாம்பையே கொண்டுபோய்க் காட்டியதும் உண்டு. (வகுப்பில் ஓணானைப் பையில் கொண்டுவந்த ஒருவன் எனக்கு நினைவுக்கு வருகிறான். இன்று வங்கி மேலாளர்.)

ரசிகர்கள் அதிகம் ரசித்த சேட்டை 1970 அக்டோபரில் நடந்தது. பால்டிமோர் மறுபடி உலகத் தொடரை வென்ற கொண்டாட்டம். லைட்டரில் ஊற்றும் திரவத்தைத் தரையில் கோடுபோல ஊற்றிக்கொண்டே போய், பேஸ்பால் உலகத்தின் தலைமை ஆணையர் போவி கூனின் ஷூவரை கொண்டுவந்து, மறுமுனையில் தீ வைத்தார் டிரபாவ்ஸ்கி. ஆணையர் துள்ளினார்.

சிரித்து முடித்தாயிற்றா? இப்போது அந்த ஆணையர் யார் என்று பாருங்கள். அந்தக் காலத்து ஒப்பந்தங்களில் 'ரிசர்வ் கிளாஸ்' என்று ஒரு விதி. ஒருமுறை கையெழுத்துப் போட்டுவிட்டால் ஆட்டக்காரர் அந்த அணிக்கே சொந்தம். அணி விரும்பினால் வைத்துக்கொள்ளும், விற்கும், இன்னொருவருக்குப் பண்டமாற்றாகக் கொடுக்கும். ஆட்டக்காரர் தானாக வேறு அணிக்குப் போக முடியாது. 1969இல் செயின்ட் லூயிஸ் அணி கர்ட் ஃபிளட் என்ற கறுப்பின ஆட்டக்காரரை ஃபிலடெல்பியாவுக்கு மாற்றியபோது, 'நான் வாங்கி விற்கும் பொருள் அல்ல' என்ற பொருளில் அவர் இதே போவி கூனுக்குக் கடிதம் எழுதினார். கூன் மறுத்தார். 1970இல் ஃபிளட் வழக்குப் போட்டார். உச்ச நீதிமன்றம் வரை போய் 1972இல் தோற்றார்.

டிரபாவ்ஸ்கி அந்த வழக்கை மனதில் வைத்துத்தான் தீ வைத்தார் என்று நான் சொல்லவில்லை. அது வெறும் சேட்டை. ஆனால் அவர் எட்டு அணி மாறியதை மட்டும் யோசித்துப் பாருங்கள். பரிமாற்றத்தில் கொடுக்கப்பட்டார், டிராஃப்டில் எடுக்கப்பட்டார், விலைக்கு விற்கப்பட்டார். 1966இல் அப்படி வீசியவரை 1968இல் புதிதாகத் தொடங்கிய கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணி எடுத்துக்கொள்ளப் பால்டிமோர் விட்டுவிட்டது. (அந்தப் புதிய அணியின் முதல் ஆட்டத்தில், 1969 ஏப்ரல் 8இல், 12 இன்னிங்ஸ் போய்க் கிடைத்த முதல் வெற்றி இவர் பெயரில்தான் இருக்கிறது.) 1970 ஜூனில் பால்டிமோருக்குத் திரும்ப வந்தார். அந்த ஆண்டு நவம்பரில், ஆணையர் ஷூவில் தீ வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, செயின்ட் லூயிஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த ஆண்டு எந்த ஊரில் வீடு பார்ப்பது, பிள்ளைகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதை இப்படிப்பட்டவர்கள் தாமாகத் தீர்மானிக்க வழியே இல்லை. ஆட்டம் இல்லாத மாதங்களில் டிரபாவ்ஸ்கி பங்குத் தரகர் வேலை பார்த்தார். நாள் கூலி என்று மேலே சொன்னேனே, அதை இங்கே பொருத்திப் பாருங்கள்.

அந்த விதியை உடைத்தது 1975 டிசம்பரில் வந்த ஒரு நடுவர் தீர்ப்பு. வழக்கில் இரண்டு பந்துவீச்சாளர்கள். ஒருவர் ஆண்டி மெசர்ஸ்மித். இன்னொருவர் டேவ் மெக்நாலி. ஆமாம், 1966இல் மூன்று பேஸிலும் ஆளை நிறுத்திவிட்டுப் போன அதே மெக்நாலி! அப்போது அவர் ஆட்டத்தை விட்டுவிட்டு மொன்டானாவிலுள்ள சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தார். ஜெயித்தாலும் அவருக்குக் காசாக எதுவும் வரப்போவதில்லை. ஆனாலும் வழக்கிலிருந்து பெயரை எடுக்கவில்லை. தீர்ப்பு வந்தபோது டிரபாவ்ஸ்கிக்கு வயது 40. ஓய்வு பெற்று மூன்று ஆண்டு ஆகியிருந்தது.

பிறகு சிகாகோ அணிகள் இரண்டிலும் பயிற்சியாளராக இருந்தார். 1987இல் பிறந்த நாடான போலந்துக்குப் போய் அங்கே பேஸ்பால் சொல்லிக்கொடுத்தார். ஃப்ளோரிடாவில் பால்டிமோர் அணியின் இளம் பந்துவீச்சாளர்களுக்கு நீண்ட காலம் பயிற்சி கொடுத்தார். அவர்களில் யாருக்காவது அந்தத் தொலைபேசிக் குரலைச் செய்து காட்டியிருப்பாரா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

பால்டிமோர் பக்கம் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் இரண்டு மூன்று பேர் இதைப் படிப்பீர்கள். 1966ஐ வானொலியிலாவது கேட்ட பெரியவர் யாரையாவது அங்கே சந்தித்தால், டிரபாவ்ஸ்கி பெயரைச் சொல்லிப் பாருங்கள். அவர் முதலில் சொல்வது 11 ஸ்ட்ரைக் அவுட்டா, பாம்பா, போனா என்று வந்து கீழே எழுதுங்கள்.