பெரியாறு அணையின் சுர்க்கிக் காரை

முல்லைப் பெரியாறு அணை 1887 முதல் 1895 வரை கட்டப்பட்டது. சுண்ணாம்பு, சுர்க்கி, மணல், கருங்கல் ஆகியவையே இதன் முதன்மையான கட்டுமானப் பொருள்கள். சிமெண்ட் கான்கிரீட் பரவலாவதற்கு முன் கலவையை எப்படித் தேர்ந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்பதற்கு இந்த அணை ஒரு சான்று. அந்தக் கலவையின் எடையும் வலிமையும் இன்றுவரை விவாதத்துக்கு உரியவையாக இருக்கின்றன.

பின்னணி

பழனி மலைத்தொடரின் தெற்குச் சரிவில் பெய்யும் மழைநீர் மஞ்சளாறு, வராக நதி போன்ற ஆறுகளின் வழியே வைகையில் சேர்கிறது. வருசநாட்டு மலைப்பகுதியில் தோன்றும் வைகை இந்த நீரைப் பெற்றும் மதுரை, இராமநாதபுரம் சீமைகளின் பாசனத்துக்குப் போதவில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுபக்கத்தில் பெரியாறு நிறைந்த நீருடன் அரபிக்கடலை நோக்கி ஓடியது. அந்த நீரைத் தடுத்து, மலையைக் குடைந்து, கம்பம் பள்ளத்தாக்கு வழியாக வைகைக்குக் கொண்டுவருவதே திட்டம்.

1808இல் இடத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் கால்டுவெல், இது நடவாத காரியம் என்று கருதினார். 1850இல் தொடங்கிய முயற்சி கைவிடப்பட்டது. 1867இல் ரைவ்ஸ் மண் அணை ஒன்றைப் பரிந்துரைத்தார். 1876–78 காலத்துப் பெரும்பஞ்சத்துக்குப் பின் திட்டம் மீண்டும் உயிர் பெற்றது. 1882இல் புதிய திட்டமும் மதிப்பீடும் தயாரிக்கும் பொறுப்பு ஜான் பென்னிகுயிக்கிடம் தரப்பட்டது. அவர் வகுத்தது மண் அணை அன்று. தன் எடையால் நீரைத் தாங்கி நிற்கும் கல் அணை. 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் அரசுடன் 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. 1895 அக்டோபரில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தார்.

சுர்க்கி ஏன் தேவைப்பட்டது

அக்காலத்தில் போர்ட்லண்ட் சிமெண்ட் கப்பலில் வரவேண்டிய பொருள். இந்தியாவில் முதல் சிமெண்ட் ஆலை சென்னையில் தொடங்கியதே 1904இல்தான். மலைக்காட்டுக்குள் எழும் பேரணைக்கு அதை நம்பியிருக்க முடியாது.

சாதாரணச் சுண்ணாம்புச் சாந்தும் போதாது. அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்ல இறுகும். பல அடி தடிமன் உள்ள அணையின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டாது. அங்கே சாந்து நெடுங்காலம் இளகியே கிடக்கும்.

இதற்குத் தீர்வாக இருந்தது சுர்க்கி. சுட்ட களிமண்ணை அல்லது செங்கல்லை இடித்துச் சலித்த பொடி இது. சிவப்பு என்று பொருள்படும் பாரசீகச் சொல்லிலிருந்து இப்பெயர் வந்தது. சுட்ட மண்ணிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் நீரின் முன்னிலையில் சுண்ணாம்புடன் வினைபுரிவதால் காற்றில்லாமலும் கலவை இறுகும். ரோமானியர் எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்புடன் கலந்து கடலுக்குள் துறைமுகச் சுவர் எழுப்பியதும் இதே வினையால்தான்.

பெரியாறு அணையின் முன்முகமும் பின்முகமும் சுண்ணாம்புச் சாந்தில் பதித்த கருங்கல் கட்டு. நடுவிலுள்ள பெரும்பகுதி சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரை. கல் மலையிலேயே கிடைத்தது. பள்ளத்தாக்கிலிருந்து வரவேண்டிய பொருள்களை மேலேற்றக் கம்பிவடப் பாதை அமைக்கப்பட்டது.

அளவும் எடையும்

காரைக்குப் பொருள் மதிப்பிடும்போது முதலில் பார்க்க வேண்டியது ஜல்லியின் இடைவெளி. ஜல்லிக் குவியலில் ஏறத்தாழ பாதி வெற்றிடம். அதை நிரப்பும் அளவுக்குச் சாந்து வேண்டும். குறைந்தால் உள்ளே பொந்து விழும். இன்றைய சிமெண்ட் கான்கிரீட்டுக்கும் இந்தக் கணக்கே அடிப்படை. 1:2:4 கலவையில் 1 கன மீட்டர் கான்கிரீட் பெற ஏறத்தாழ 1.54 கன மீட்டர் உலர்ந்த பொருள் தேவை. அதாவது சிமெண்ட் 6 மூட்டைக்குச் சற்று மேல், மணல் 0.44 கன மீட்டர், ஜல்லி 0.88 கன மீட்டர்.

எடையால் நிற்கும் அணையில் பொந்து என்பது எடைக் குறைவு. ஆற்றுப் படுகையிலிருந்து பெரியாறு அணையின் உயரம் 155 அடி, உச்சி அகலம் 12 அடி, அடி அகலம் கிட்டத்தட்ட 140 அடி. காரையின் எடையைக் கன மீட்டருக்கு 2.2 டன் என்று வைத்துக்கொண்டால், மிக ஆழமான இடத்தில் அணையின் ஒரு மீட்டர் நீளம் ஏறத்தாழ 2,400 டன் இருக்கும். அணையின் முகம் வளைந்து குறுகுவதால் உண்மையான எடை இதைவிடக் குறைவு. நீர் உச்சிவரை நின்றால் அதே ஒரு மீட்டர் நீளத்தை ஏறத்தாழ 1,100 டன் விசையுடன் தள்ளும். காரையின் எடை பத்தில் ஒரு பங்கு குறைந்தாலும் 240 டன் போய்விடும்.

கசிவும் பலப்படுத்தலும்

சுண்ணாம்பு நீரில் சிறிது கரையும். அணைக்குள் ஊடுருவும் நீர் அதைக் கரைத்து வெளியே கொண்டுவருவது நாளடைவில் தெரியவந்தது. 1930களிலும் 1960களிலும் துளையிட்டுச் சிமெண்ட் கரைசலைச் செலுத்தினார்கள். 1979 ஆகஸ்ட் மாதம் குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்த ஆண்டிலேயே பெரியாறு அணை குறித்த அச்சம் கேரளத்தில் வலுத்தது. முழுக் கொள்ளளவான 152 அடிக்குப் பதில் நீர்மட்டம் 136 அடியாகக் குறைக்கப்பட்டது.

பின்னர் மத்திய நீர்வள ஆணையத்தின் பரிந்துரைப்படி மூன்று பணிகள் நடந்தன. உச்சியில் கான்கிரீட் கவசம் போடப்பட்டு எடை கூட்டப்பட்டது. அணை எஃகு வடங்களால் பாறையுடன் பிணைக்கப்பட்டது. பின்முகத்தில் கான்கிரீட் முட்டு எழுப்பப்பட்டது. சுண்ணாம்பு கரைந்து அணை நலிந்துவிட்டதால் புதிய அணை வேண்டும் என்பது கேரளத்தின் வாதம். பலப்படுத்திய அணை உறுதியாக உள்ளது என்பது தமிழ்நாட்டின் வாதம். உச்ச நீதிமன்றம் அமைத்த உயர்நிலைக் குழு 2012இல் அணை பாதுகாப்பானது என்று அறிக்கை அளித்தது. 142 அடி வரை நீர் தேக்கலாம் என்ற 2006ஆம் ஆண்டுத் தீர்ப்பை 2014 மே 7 அன்று நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது.

கீழே வாழும் மக்களின் பாதுகாப்பும் ஐந்து தென்மாவட்டங்களின் பாசனமும் குடிநீரும் இந்த அணையைச் சார்ந்திருக்கின்றன. அதனால்தான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கலந்த காரையில் இன்று எவ்வளவு சுண்ணாம்பு எஞ்சியுள்ளது, அதன் எடை என்ன என்பவை நீதிமன்றம் வரை சென்ற கேள்விகளாயின.